கேரளப் பதிவு கொண்ட, அடியோடு உருமாற்றப்பட்ட புல்லட்டை வாங்கலாமா?

கோபாலபுரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் வீடு பொள்ளாச்சி – பாலக்காடு சாலையில், கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. வேலை அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் ஒரு தென்னை நார் ஆலையில். நாள்தோறும் இரண்டு முறை எல்லையைக் கடக்கிறேன். இதுவரை அப்பாவின் பழைய மொபெட்டில் போய் வந்தேன். இப்போது சொந்தமாக ஒரு வண்டி வாங்கும் அளவுக்குக் கையில் பணம் சேர்ந்திருக்கிறது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் ஒருவர் 2014ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியை விற்கிறார். கேஎல் 70 பதிவு. அவர் மூன்றாவது உரிமையாளர். வண்டி நிறுவனத்திலிருந்து வந்த உருவத்தில் இல்லை. பின் மட்கார்டும் இருக்கையின் பின்பகுதியும் அகற்றப்பட்டு, ஒற்றை ஆள் உட்காரும் தோல் இருக்கை போடப்பட்டிருக்கிறது. வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) வால் பகுதியை வெட்டி, வளைந்த குழாய் ஒன்றை வெல்டு வைத்திருக்கிறார்கள். இரு சக்கரங்களும் 17 அங்குல அலாய், பின்னால் 150 அளவு டயர். நீளமான, உள்ளே ஒன்றுமில்லாத சைலன்சர், கூம்பு வடிவக் காற்று வடிகட்டி, அகன்ற ஹேண்டில்பார், முன்னால் இரண்டு கூடுதல் விளக்குகள். கறுப்பு வண்டி இப்போது இராணுவப் பச்சை நிறத்தில் இருக்கிறது.

அவர் கேட்பது 1,05,000 ரூபாய். மாற்றங்களுக்கு மட்டும் எண்பதாயிரம் செலவு செய்ததாகச் சொல்லி, அதற்கான சில ரசீதுகளையும் காட்டினார். பார்த்தவுடன் மனம் போய்விட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு மாநிலத்திலும் ஓட்ட வேண்டிய வண்டி என்பதால் அச்சமும் இருக்கிறது. பெயர் மாற்றுவதில் சிக்கல் வருமா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? கொழிஞ்சாம்பாறையில் என் மாமா வீடு இருக்கிறது. அந்த முகவரியில் பதிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சித்தூர்ப்புழை

வணக்கம் தம்பி. நான் கேரளப் பக்கத்துத் தமிழன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகப் போக்குவரத்து அலுவலகப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். எனவே காகிதம் பற்றி மட்டும் சொல்கிறேன். இரும்பைப் பற்றிப் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பதிவான விவரங்களும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்குத் தளர்வாகப் பொருள் கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, நிறுவனம் குறித்த அளவுகளுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று உறுதி செய்துவிட்டது. அதே 2019இல் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. “ஒவ்வொன்றுக்கும்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் எழுதிய பட்டியலை ஓர் ஆய்வாளர் எண்ணத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அந்த அபராதம் மாற்றம் செய்தவரைத் தேடிப் போகாது. அன்றைக்கு ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வரும்.

ஒற்றை இருக்கை சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் அதுவும் அப்படியில்லை. ஆர்சியில் இருக்கைகள் இரண்டு என்று இருக்கும். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, கால்மிதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதிப்படி கட்டாயம். சேலை சுற்றிக்கொண்டு எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். நிறமாற்றம் மட்டும் பொதுவாக எளிது, ஆனால் இராணுவத்தின் ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரிய நிறம். வேறு நிறமானால் முறைப்படி விண்ணப்பித்து ஆர்சியில் பதிந்துகொள்ளலாம்; இந்த வண்டியில் அப்படிப் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஆர்சியில் கறுப்பு என்றும் கண்முன்னே பச்சை என்றும் இருந்தால், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில்தான் பேச்சே தொடங்கும்.

மாமா வீட்டு முகவரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் குடியிருப்பதும் வண்டி நிற்பதும் தமிழ்நாட்டில். வேறு மாநிலப் பதிவு கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்று 47ஆவது பிரிவு சொல்கிறது. பிறகு ஒரு விபத்து நடந்து இழப்பீட்டுக்குப் போகும்போது, முகவரி உண்மையா என்ற கேள்வியே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

நேர்வழி இதுதான். விற்பவர் 28ஆம் படிவத்தில் சித்தூர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். வண்டியின் மீது கடன் பதிவு இருந்தால் 35ஆம் படிவத்தால் அதை நீக்க வேண்டும். அதன் பிறகு 27, 29, 30 ஆகிய படிவங்களுடன் பொள்ளாச்சியில் உங்கள் பெயருக்கு மாற்றி டிஎன் 41 எண் வாங்க வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப அங்கே ஆயுள் வரி கட்ட வேண்டியிருக்கும். கேரளத்தில் கட்டியதில் மிஞ்சிய காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்கலாம். அது வரும்வரை பொறுமை வேண்டும். நிலுவையில் அபராதம் இருந்தால் சான்று நகராது. எனவே அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இ-செலான் (இணையவழி அபராதச் சீட்டு) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உருமாற்றிய வண்டிகளுக்கு அங்கே நீண்ட பட்டியல் இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

இதில் எல்லாரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. பொள்ளாச்சியில் மறுபதிவுக்கு வண்டியை ஆய்வாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். இப்போதிருக்கும் உருவத்தில் நிறுத்தினால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. அதாவது இந்த வண்டி உங்கள் பெயருக்கு வர வேண்டுமானால், அது மறுபடியும் நிறுவனத்து வண்டியாக மாற வேண்டும். 2029இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் இதே கதைதான். ஆகவே, பழைய உருவத்துக்குக் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பொள்ளாச்சிப் பட்டறை

மேலே அண்ணன் சொன்ன கடைசி வரியைத்தான் நான் முதல் வரியாகச் சொல்ல நினைத்தேன். அவர் எண்பதாயிரம் செலவு செய்தது அவருடைய ஆசைக்கு. அதை நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? உங்களுக்கு வேண்டியது கழற்றிய பொருள்கள். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கேளுங்கள். பழைய சைலன்சர், இரண்டு மட்கார்டுகள், இரு இருக்கைகள், ஆரக்கம்பிச் சக்கரங்கள், காற்று வடிகட்டிப் பெட்டி ஆகியவை ஒரு சாக்கில் கட்டி எங்காவது இருக்கின்றனவா, அல்லது காயலாங்கடைக்குப் போய்விட்டனவா? சாக்கு இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் கடையில் விலை கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

ஆனால் ஒன்றைச் சாக்கில் கட்டி வைக்க முடியாது. அது வெட்டிய சட்டம். நீங்கள் எழுதியதில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். இந்த வண்டியில் முன்னால் கீழிறங்குவது ஒற்றைக் குழாய். என்ஜினும் சட்டத்தின் ஒரு பகுதியாக நின்று சுமை தாங்குகிறது. பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை சட்டத்தில் எங்கே இணைகிறதோ, அந்த இடத்துக்குப் பின்னால் வெட்டியிருந்தால் ஒரு கதை. அதற்கு முன்னாலோ அதை ஒட்டியோ வெல்டு இருந்தால், விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். சட்டத்தையே புதிதாக மாற்றிவிடலாம் என்று எவராவது சொன்னால், சேசிஸ் எண் அந்தச் சட்டத்தில்தான் பொறித்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்றுவது அலுவலக அனுமதி இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை.

வெல்டைப் பார்க்கும்போது இருக்கையைக் கழற்றச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வெல்டு மீன் செதிலைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சீராக ஓடும். ஊசித் துளைகளும், ஓரத்தில் குழாயைத் தின்ற பள்ளமும் இருந்தால் அது அவசரத்தில் வைத்தது. வெல்டே கண்ணுக்குத் தெரியாமல் வழவழப்பாக இருந்தால் பட்டி (மேடு பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பூச்சு) பூசியிருக்கிறார்கள். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோய்க் குழாய் நெடுக நகர்த்திப் பாருங்கள். பட்டி தடித்த இடத்தில் பிடி தளரும். பிறகு ஸ்டீரிங் கழுத்துக் குழாயில் உள்ள சேசிஸ் எண்ணின் பதினேழு எழுத்துகளையும், என்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மறுபெயிண்ட் அடித்த வண்டியில் எண் பெயிண்டுக்குள் மூழ்கியிருப்பதுண்டு. சுரண்டிக் காட்ட விற்பவர் தயங்கினால் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க நூல் போதும். பின் டயரின் பின்புறத்தைச் சுற்றி ஒரு நீள நூலைக் கட்டி, இருபுறமும் முன் சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். முன் டயர் பின் டயரைவிட ஒடுக்கமானது என்பதால் இருபுறமும் இடைவெளி தெரியும். அந்த இரு இடைவெளிகளும் சமமாக இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு வந்த பின் டயர் 110/90-18, அதாவது 110 மில்லிமீட்டர் அகலம். அங்கே 150 அளவைத் திணிக்க வேண்டுமென்றால் சக்கரத்தை நகர்த்தி, ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பற்சக்கரம்) வாஷர் வைத்துத்தான் ஆக வேண்டும். செயினின் உட்பக்கத் தகடுகள் ஒரு புறமாக மட்டும் பளபளத்தால் செயின் கோணலாக ஓடுகிறது என்று பொருள்.

இன்னொன்று, ஓடிய கிலோமீட்டரை நம்பாதீர்கள். இதில் வேகமானிக் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. முன்னால் வந்தது 90/90-19. அதன் குறுக்களவு ஏறத்தாழ 645 மில்லிமீட்டர். அங்கே 110/70-17 போட்டால் 586தான் வரும். சக்கரம் அதிகம் சுற்றுவதால் முள் பத்து விழுக்காடு கூடுதலாகக் காட்டும். ஆனால் அலாய் போட்டபோது கேபிளையே கழற்றி விட்டிருந்தால், எண் பல ஆண்டுகளாக அப்படியே நின்றிருக்கும். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது முள் அசைகிறதா என்று கவனியுங்கள்.

என்ஜினுக்கு வருகிறேன். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். செல்ஃப் அழுத்தும்போது கரகரவென்று பல் அரைபடும் ஓசை வந்தாலோ, மோட்டார் மட்டும் சுற்றி என்ஜின் சுற்றாமல் நின்றாலோ செல்ஃப் மோட்டாரை என்ஜினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்ச் தேய்ந்திருக்கும். இந்த வகை என்ஜினில் அது தெரிந்த நோய். வால்வை இயக்குவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால் குளிரில் கொஞ்ச நேரம் டிக்டிக் என்று கேட்டு அடங்கிவிடும்; அதற்குப் பயப்பட வேண்டாம். வெறும் குழாய் சைலன்சரும் கூம்பு வடிகட்டியும் போட்டுவிட்டு, கார்ப்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் விட்டவர்கள் நிறையப் பேர். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து என்ஜின் சுட்டுக்கொண்டே ஓடியிருக்கும். இந்த என்ஜினில் பிளக் இரண்டு. இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அது எரிந்த வரலாறு. ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிப்பதை இளைஞர்கள் அழகு என்று நினைக்கிறார்கள். எனக்கு அது வண்டி வலியில் கத்துவதாகவே கேட்கிறது.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: கூடுதல் விளக்குகளுக்கு மின்சுமையைத் தாங்கும் சுவிட்சான ரிலேவும் தனி ஃபியூஸும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், என்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டியும் இருக்க வேண்டும்.

வாளையார்க்காற்று

எல்லாரும் உருமாற்றம் என்றாலே குற்றம் என்பதுபோல் எழுதுவது எனக்கு முழுதாக உடன்பாடில்லை. பக்கப் பைகள், நல்ல இருக்கை உறை, அதே அளவில் தரமான டயர் இவையெல்லாம் வண்டியை மேம்படுத்துபவைதான்; என் வண்டியிலும் உண்டு. ஆனால் இந்த வண்டியில் செய்திருப்பது அந்த வகை இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். காப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. சொந்தச் சேதக் காப்பீடு எடுத்திருந்தாலும், தெரிவிக்காத மாற்றங்களைக் காட்டி நிறுவனம் கையை விரித்துவிடலாம். வண்டி கைமாறிய பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

நெம்மாறைத் தோழர்

எனக்கு நடந்ததை எழுதுகிறேன், முடிவு உங்களுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போல வால் வெட்டிய ஒரு வண்டியை வாங்கினேன். என் வண்டியில் வெல்டு ஷாக் அப்சார்பர் முனையை ஒட்டி இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அன்று தெரியாது. ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி மலையேறினேன். இறங்கும்போது வளைவுகளில் பின்பக்கம் மெதுவாக அசைவதுபோல் இருந்தது. டயரில் காற்று குறைவு என்று நினைத்து ஓட்டிக்கொண்டே வந்தேன். கீழே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, தற்செயலாகக் குனிந்து பார்த்தபோது, வெல்டுக்குப் பக்கத்தில் பெயிண்டின் மேல் தலைமுடி அளவில் ஒரு கோடு ஓடியிருந்தது. அதன் ஓரத்தில் செந்நிறத் துரு நீர் கசிந்து காய்ந்திருந்தது. இருக்கையை ஒரு கையால் அழுத்தினேன். அந்தக் கோடு வாய் திறந்து மூடியது. அன்றைக்குப் பின்னால் என் மனைவி உட்கார்ந்து வந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

விற்றவரும் வெல்டு வைத்த பட்டறையும் பொறுப்பேற்கவில்லை. சரக்கு வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எனவே தம்பி, பெயிண்டுக்கு மேல் முடியைப் போல ஏதாவது தெரிந்தால் அதை அழுக்கு என்று துடைத்துவிட்டு வராதீர்கள்.

கோபாலபுரத்தான்

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய எல்லாருக்கும் என் உள்ளார்ந்த நன்றி. நேற்று மாமாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டும் ஆர்சியோடு பொருந்துகின்றன. அவரே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காட்டினார். நிறமாற்றம் ஆர்சியில் பதியப்படவில்லை. இ-செலான் மூன்று நிலுவையில் இருக்கின்றன. அவற்றில் இரண்டு சைலன்சருக்கானவை. அது தனக்கே தெரியாது என்றார்.

சாக்கு இருந்தது. அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைப் பரணிலிருந்து இறக்கினார். சைலன்சர், முன் மட்கார்டு, ஆரக்கம்பிச் சக்கரங்கள் இரண்டும் உண்டு. பின் மட்கார்டும் இருக்கைகளும் வடிகட்டிப் பெட்டியும் இல்லை. வெல்டு ஷாக் அப்சார்பர் முனைக்கு நான்கு விரல் பின்னால் இருக்கிறது. விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் காந்தம் ஓர் இடத்தில் வழுக்கியது. பிளக்குகளில் ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. வேகமானி முள் அசையவே இல்லை.

இல்லாத பொருள்களின் விலை, மறுபதிவு, வரி, நிலுவை அபராதம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கழித்து, 62,000 ரூபாய் தருவதாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கோபப்படவில்லை, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். தடையின்மைச் சான்று என் கையில் வரும்வரை முன்பணம் ஐயாயிரத்துக்கு மேல் தர மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பட்டறை அண்ணா, காந்தம் வழுக்கிய இடத்தை எப்படி முடிவு செய்வது?

பொள்ளாச்சிப் பட்டறை

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்டை இரும்பு தெரியும்வரை உரிக்க ஒப்புதல் கேளுங்கள். மறுபடி பெயிண்ட் அடிக்கும் செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். அப்போது அவரும் மறுக்கக் காரணம் இருக்காது. உள்ளே வெல்டு முழுச் சுற்றும் ஓடியிருந்து, பட்டி அழகுக்காக மட்டும் பூசியதாக இருந்தால், வால் பகுதியைப் பழைய அளவில் திரும்பக் கட்டித் தரும் வேலையைப் பற்றிப் பேசலாம். குழாய்க்குள் இணைப்புத் துண்டு எதுவும் செருகாமல் முனையோடு முனை ஒட்ட வைத்து மேலே பட்டி பூசியிருந்தால், அறுபத்திரண்டு என்ன, முப்பதுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல் எனக்கு வேலை குறைவு. வண்டியை எல்லை தாண்டி ஓட்டிவர வேண்டாம். நானே சித்தூருக்கு வந்து பார்க்கிறேன்.